கட்டிலுக்காக நின்ற கல்யாணம்

சங்கரன்கோவில்,
புதன்கிழமை.

அன்புள்ள சாம்ராஜ் மாமா அவர்களுக்கு,

பெங்களூரில் நீங்களும் மகள் ரெனி அக்காவும் கர்த்தர் கிருபையால் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் நம்பரைப் பார்த்தாலே போனைக் கட் பண்ணுகிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம். கிழிப்பதானாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் வீட்டம்மாவும் எங்கள் அப்பாவும் காலமான பிறகு, நீங்களும் அம்மாவும் ஒரு துணை தேடிக்கொண்டதில் என்ன தப்பு? கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டு, ஆட்சேபனை உண்டா என்று குருவானவர் கேட்பது வெறும் வழக்கம். யாராவது எழுந்திருப்பார்களா? நாற்பது வயதுக் கழுதை நான் எழுந்தேன். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தாலும் என் ரூமில் உங்கள் மகன் ஜெர்சோன் கீபோர்டு வைக்கக் கூடாது என்று சபை நடுவே கத்தினேன். அவன் மட்டும் சும்மா இருந்தானா? ஃபேனுக்குக் கீழே இருக்கிற கட்டில் தனக்குத்தான் என்று அவனும் எழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் தலை குனிந்து வெளியே போனதை நினைத்தால் சோறு இறங்கவில்லை மாமா.

இதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போனதும் என்னை அடிக்கத்தான் ஜெர்சோன் வந்தான். அடித்தான், நானும் அடித்தேன். அம்மா இரண்டு பேரையும் ஏசிவிட்டுச் சோறு போட்டாள். அதோடு இங்கேயே தங்கிவிட்டான். கீபோர்டும் என் ரூமில்தான் இருக்கிறது. உங்களைப் பிரித்துவிட்டு நாங்கள் ஒன்றாகக் கூத்தடிக்கிறோம். எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஓலை வாசிக்கலாம் என்கிறார் குருவானவர். நீயே மாமாவைக் கூப்பிடு என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுல கூப்பிடுவேன்? இத்தன வருசத்துல எனக்குன்னு நான் ஆசப்பட்டது இது ஒண்ணுதாம்லே” என்றாள். ஜெர்சோன் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

எங்களுக்காக வர வேண்டாம் மாமா. எங்களை வீட்டைவிட்டுத் துரத்தினாலும் சரி, அம்மாவுக்காக வாருங்கள். கர்த்தர் உங்கள் மனதை இளக்கட்டும்.

மன்னிப்புக் கேட்கும்,
ஜெபஸ்டின்.

அப்பா! இங்கே அம்மா சரியாகவே சாப்பிடுவதில்லை. சீக்கிரம் வாங்க.
– ஜெர்சோன்