அறையின் நடுவில் நாற்காலி

நாள் 211 — 09:10
வியாழனின் நிலவு யூரோப்பாவில் பனிநிலையம். ஆள் இருவர்: அருளப்பனாகிய நான் மேலே ஒலியறையில், இசக்கியம்மாள் நானூறு மீட்டர் கீழே, துளையில். எச்சரிக்கைக் கருவி கெட்டு மூன்று மாதம். பனிக்குள் விரிசல் முனகுகிறதா என்று, அங்கே புதைத்த உணரி அனுப்பும் ஒலியை நான் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிறேன். முனகினால் கூண்டு இறக்கி அவளை மேலே இழுக்க வேண்டும்.

இன்று ஸ்பீக்கர் மாற்றினேன். என் சொந்தச் சரக்கு ஒதுக்கீட்டில் வந்தவை, இடுப்புயரம். அறையோ மூன்று மீட்டர் நீளம்.

இசக்கி, கீழிருந்து ரேடியோவில்: "அண்ணாச்சி, அந்தத் துக்கினியூண்டு ரூமுக்குச் சின்னதே போதும்லா? ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா?"

எனக்கே பாடம் எடுக்கிறாள்.

நாள் 212 — 10:25
சுவரோரம் பேஸ், அந்த அடித்தொண்டை ஒலி, குமுறுகிறது. நிலையத்துப் பம்ப் ஓடினாலே வயிறு அதிர்கிறது. நாற்காலியை நட்டநடுவில் போட்டேன். குமுறல் போயே போயிற்று. ஒலி சுத்தம்.

நாள் 218 — 11:40
இசக்கி: "காலுக்குக் கீழ ஒரு மாதிரி அதிருது அண்ணாச்சி. அங்க எதுவும் கேக்குதா?"

நான்: "ஒண்ணும் கேக்கல தாயி. சும்மா பயப்படாத. வேலயப் பாரு."

நாள் 218 — 13:05
துளை மூடிக்கொண்டது. அவளை ஏற்ற இறக்கிய கூண்டு நூற்றிருபதாம் மீட்டரில் சிக்கி நிற்கிறது. அவள் அடியில், உயிரோடு. காற்று இருபது மணி நேரத்துக்கு. பனியிலுள்ள உணரி பழுது என்று தலைமைக்குச் செய்தி அனுப்பினேன்.

நாள் 218 — 15:30
இசக்கி: "அண்ணாச்சி, சேரை எங்க போட்டிருக்கீய?"

சொன்னேன்.

இசக்கி: "சின்ன ரூம்ல பேஸ் சுவர்ப்பக்கம் குமியும், நடுவுல செத்துப்போகும். ஒங்களுக்குத் தெரியாததா? தள்ளிப் போட்டுப் பாருங்க."

தள்ளினேன். ஐம்பத்தேழு ஹெர்ட்ஸ். ஈனப்போகும் பசுவின் முனகல். பழைய பதிவுகளை ஓட்டினேன். ஆறு நாளாக முனகியிருக்கிறது. அறையில் அது கேட்காத இடம் ஒன்றே ஒன்று. அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

இருபது வருடம் ஒலிக்காரன். எனக்குத் தெரியும். காதுக்கு இதமாக இருந்தது, அளந்து பார்க்கவில்லை. உணரியில் பழுதே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். எழுதவே கூசுகிறது.

நாள் 219 — 07:20
வெப்பத் துளைப்பான் இறங்கிக்கொண்டிருக்கிறது, மணிக்கு ஆறு மீட்டர். எட்டாது. அவளுக்கும் கணக்குத் தெரியும்.

இசக்கி: "தலைமைக்கு உள்ளதச் சொல்லிருங்க. இல்லன்னா அடுத்து வாரவனும் நடுவுலதான் சேர் போடுவான்."

எழுதினேன். அனுப்பவில்லை. கை வரவில்லை.

நாள் 219 — 08:50
இசக்கி: "அனுப்பிட்டீயளா?"

நான்: "அனுப்பிட்டேன் தாயி."

இசக்கி: "சரி."

நாள் 219 — 11:15
அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அப்போது அனுப்பியிருக்கவில்லை. இப்போதுதான் அனுப்புகிறேன், எல்லாப் பதிவுகளையும். நாள் 212-இல் 'ஒலி சுத்தம்' என்று எழுதியிருக்கிறேன். அதை யாரும் அழிக்க வேண்டாம்.