கண்ணாடிகளைத் திருப்பச் சொன்ன காவற்றலைவர் அழிசியாருக்கு

நலம் பெருகுக. வெண்கோட்டு நாட்டை அறம் பிழையாது ஆளும் பெருநற்கோ வேந்தரின் ஆணைப்படி, அமைச்சன் பெருஞ்சாத்தன், பவழத்துறைப் பட்டினத்தின் காவற்றலைவரும் மூன்று போரில் முதுகு காட்டாதவருமான அழிசியாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் குறையாது அணைக. உம் வீரர் உடல்நலத்தோடும், இயன்றால் வாயடக்கத்தோடும் வாழ்க.

நடந்ததை நீர் காவற்கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்டீர். வேந்தரோ ஒரு வீட்டின் வாசற்படியில் நின்று கண்டவள் வாய்மொழியாகக் கேட்டறிந்தார். ஆதலின் அவர் கேட்டறிந்தபடியே எழுதுகிறோம்.

கூல வீதியில் வைத்தியம் பார்ப்பவள் நன்னாகை. மூலம், குறட்டை, வழுக்கை, பிள்ளையில்லாக் கவலை என்று ஊரார் வெளியே சொல்லக் கூசும் குறைகளுக்கெல்லாம் அவளிடம் மருந்துண்டு. சென்ற ஆண்டு, உச்சிவேளையில் ஊர் உண்டு கண்ணயரும் நேரம் பார்த்து ஒருவன் வீடு புகுந்து பித்தளைப் பானைகளைத் தூக்கிப் போகலானான். வீதியார் அஞ்சி, மாடிச் சாளரந்தோறும் வெண்கலக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து மாட்டி, வாசலில் நிற்பவர் யாரென்று உள்ளிருந்தே பார்த்துக்கொண்டனர். அப்போது நீர் வீடு வீடாக வந்து, கண்ணாடியைச் சற்றே திருப்பினால் கோபுரத்திலிருந்தும் வாசல்கள் தெரியுமே என்று பணிவுடன் கேட்டீர். எவரும் மறுக்கவில்லை. நன்னாகை தானே ஏணியில் ஏறித் திருப்பினாள். எட்டாம் நாள் கள்வன் பிடிபட்டான். அதற்கான பாராட்டை வேந்தர் இன்றும் குறைக்கவில்லை.

ஆயின் கள்வன் சிறை புகுந்த பின்னும் கண்ணாடிகள் திரும்பியபடியே இருந்தன. பார்க்கக் கள்வன் இல்லாத உம் வீரர், இருந்தவர்களைப் பார்க்கலாயினர். ஒரு நாள் நடுக் கடைத்தெருவில் அவருள் ஒருவன் எண்ணெய் வாணிகர் கீரனாரை நோக்கி, "என்ன அண்ணாச்சி, இப்ப உட்கார முடியுதா?" என்று உரக்க நலம் விசாரித்தானாம். கீரனாரின் பெயரை இங்கே எழுதுவதில் பிழையில்லை. அன்றே பட்டினம் முழுதும் அறிந்துவிட்டது.

அன்று முதல் நன்னாகையின் வாசலில் ஆள் வரத்து நின்றது. முதலில் அவள் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கினாள். ஊருக்கு ஒரேயடியாக உடம்பு தேறிவிட்டது போலும் என்றாள். பின்னர் ஒரு பெண். அவள் பெயர் எமக்கும் சொல்லப்படவில்லை. அவள் இசைந்த அளவே இங்கே எழுதுகிறோம். இருமுறை கரு கலைந்தவள், இம்முறை நிலைக்கும்வரை யாரும் அறிய வேண்டாம் என்றிருந்தாள். உதிரம் கண்டதும் வைத்தியம் நாடி வீதிமுனைவரை இருமுறை வந்து, கண்ணாடியின் மினுக்கம் கண்டு திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் அவளைக் கணவன் தோளில் சுமந்து கொல்லைச் சுவரேறிக் கொண்டுவந்தான். நான்கு நாள் நன்னாகை அவள் பக்கம் விட்டு அசையவில்லை. கரு தங்கியது. ஆனால் அந்நான்கு நாளும் நன்னாகைக்குச் சோறு இறங்கவில்லை. ஏணியில் ஏறிய தன் கால்களையே நொந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் மீண்டும் ஏறி, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பிற்பகலிலேயே உம் வீரன் வந்து நின்றான். இருவரும் பேசியதை ஒப்பனை செய்யாது எழுதுகிறோம்.

"மறைக்க ஒன்னும் இல்லேன்னா எதுக்குத் திருப்பினீங்க?"

"எனக்கு மறைக்க ஒன்னுமில்ல தம்பி. நான் சோறு வடிக்கிறத வேணும்னா நாள்பூரா பாரு. என் படியேறுறவங்க என்னை நம்பி வர்றாங்க, உன்னை நம்பி வரல."

இதைக் கேட்ட வீரன் உம்மிடம் ஓட, நீர் அவ்வீட்டில் மறைவாகப் பலர் வந்துபோவது ஐயத்துக்குரியது என்று வேந்தருக்கு ஓலை விடுத்தீர். நன்னாகை அழைக்கப்பட்டாள். இரண்டு நாள் நடந்து வந்து அவையில் நின்றாள். கடந்த மாதத்தில் வந்தவர் யார் யார் என்று வேந்தர் வினவ, அவள் கைகூப்பி, தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன், தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றாள். குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை.

வேந்தர் அவளை மட்டும் இருத்திக்கொண்டு, எம்மையும் சேர்த்து அனைவரையும் வெளியே போகச் சொன்னார். அரை நாழிகை கழித்துக் கதவு திறந்தபோது வேந்தரின் முகம் சற்றே சிவந்திருந்தது. கையில் சிறியதொரு மருந்துப் பொதி இருந்தது. யாம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆணை யாதெனில்: கண்ணாடி வீட்டாருடையது, அது எப்பக்கம் திரும்புவது என்பதும் அவர்கள் விருப்பமே. களவு நேர்ந்தால், இன்ன களவு, இத்தனை நாள் என்று எழுதிக் கேளும், மனமுவந்தவர் திருப்புவர். மறுத்தவரை ஐயுறுதல் கூடாது. நாள் முடிந்ததும் நீரே ஏணி பிடித்துத் திருப்பிக் கொடுப்பீராக. கடைத்தெருவில் நலம் விசாரித்த வீரன் கீரனாரின் இல்லம் சென்று, தாழ்ந்த குரலில் பொறுத்தருள வேண்டுவானாக. கோபுரத்து வீரர் இனிக் கடலை நோக்குவாராக. வந்தணையும் கலங்களுக்குக் கூச்சமில்லை.

அழிசியாரே, உமக்கும் ஏதேனும் குறை உண்டோ என்று யாம் கேட்கவில்லை. இருப்பின், கூல வீதியில் அவ்வாசல் திறந்தே இருக்கிறது; போய்வாரும், இப்போது யாரும் பார்ப்பதில்லை.

இது வேந்தர் திருமுன் எழுதி, முத்திரையிட்டு விடுத்தது. கண்டவுடன் நிறைவேறுக.