ஆறு மணி டீ

ஈக்காட்டுத்தாங்கல்
3-9-78

அன்புள்ள லூயிசாவுக்கு அண்ணன் எழுதுவது.

நலம். ஜெயிலிலிருந்து வந்தபின் இது ஏழாவது ஞாயிறு, ஏழாவது கடிதம். "எங்கெங்கே போனாய் என்று தங்கச்சிக்கு எழுது, எதையும் விடாதே" என்று ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கஸ்தூரிரங்கன் சொன்னபடியே எழுதுகிறேன். பட்டறை, அறை, ஞாயிறு பூசை. சாயங்காலம் மட்டும் மாத்திரைக் கம்பெனி எதிரே ஒரு டீ. பட்டறை முதலாளி ஷரஃபுதீன் பாய் கேலி பண்ணுகிறார்: "இன்னா நைனா, ஒரு டீக்கு அரை மணி நேரமா?" அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஞானதாஸ்

மயிலாப்பூர்
6-9-78

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சுகம். உங்கள் நீலச் சட்டைக்குப் பித்தான் தைத்து வைத்திருக்கிறார்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வயிற்றுப்புண் வந்ததிலிருந்து நீங்கள் டீயே குடிப்பதில்லையே, மோர்தானே? அந்தக் கம்பெனியில் பெண்கள்தானே வேலை செய்கிறார்கள்? ஆறு மணிக்குத்தானே விடுகிறார்கள்?

ஒரு பெண்ணைப் பலவந்தம் செய்தவர் நீங்கள். நாம் அதை எழுதுவதே இல்லை. டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? "விழுறது ஒரே நாள்ல நடக்காதும்மா. சின்னச் சின்ன அடியா வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும்."

கோபிக்காமல் பதில் போடுங்கள்.

தங்கை லூயிசா

10-9-78

லூயிசா,

பி.ஏ. படித்துவிட்டால் அண்ணனை விசாரணை செய்யலாமா? யாரையும் தொடவில்லை. நின்றேன், அவ்வளவுதான். அவர்களில் ஒரு பெண் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதற்கு நான் என்ன செய்வது? டாக்டருக்குத் தெரிந்தால் முதலாளியிடம் சொல்வார், வேலை போகும். நான் மறுபடி உள்ளே போகவேண்டுமா? படித்ததும் கிழித்துப் போடு.

ஞானதாஸ்

மயிலாப்பூர்
15-9-78

அண்ணா,

கிழிக்கவில்லை. டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். சந்தேகம் வந்தால் கொடுக்கலாம் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டது நீங்கள்தான்.

கோர்ட்டிலும் அந்த அக்காவைப் பற்றி "சிரித்தாள்" என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் உள்ளே இருந்த இரண்டு வருஷமும் அவர் வீட்டு வாசல் தாண்டவில்லை.

நேற்று லீவு போட்டு வந்து அந்தக் கம்பெனி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். நீங்கள் என்னைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் சிரிக்கவில்லை, அண்ணா. உங்களைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓட்டமாகப் போனாள். நீங்கள் போனபின் டீக்கடைக்காரர் சொன்னார்: "டீய வாங்கிக் கீழ ஊத்திட்டு ரோட்டையே பாத்துக்கினு கீறாரும்மா."

ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். "நாளையிலிருந்து அந்த ஆள் நிற்க மாட்டார்" என்றேன்.

"நீ யாரு?" என்றாள்.

சொன்னேன்.

செவ்வாய் காலை பத்து மணி, ஆஸ்பத்திரி வாசல். நீங்கள் வராவிட்டால் டாக்டர் போலீசுக்குச் சொல்வார். நான் தடுக்கமாட்டேன்.

மோர் கொண்டு வருகிறேன்.

லூயிசா