கண்ணுக்கு நாலு விரல் கீழே

நேற்று செங்கல்பட்டில் ஒரு பெயர்ப்பலகைக் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே ஒருவர் அக்ரிலிக் தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பிளேடு சூடேறி பிளாஸ்டிக் கருகும் அந்தத் தித்திப்பு நாற்றம் தெரு வரைக்கும் வந்தது. காய்கறி வாங்கப் போனவன் வெறும் பையோடு பஸ் ஏறினேன். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். அடுத்தடுத்த பிளாக்கில் குடியிருந்த நமக்குள் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை புதிதாகப் போட்ட சமயம் அது. ஆராய்ச்சி நிலையத்தின் பராமரிப்புப் பட்டறையில் நீ ஃபிட்டர், வரைபடப் பிரிவில் நான் டிராஃப்ட்ஸ்மேன். உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடும் அவளுக்கு, சீர்காழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. குழந்தையும் அவளோடு. சனிக்கிழமை விடியும்போது குவார்ட்டர்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்புவாய். ஞாயிறு மாலை திரும்பிவிடுவாய். ஒரு வாரம் தவறியதில்லை. பஸ்ஸில் போனால் என்ன குறைச்சல் என்று கேட்டேன்.

"பஸ்ஸு எட்டு எடத்துல நிக்கும் மச்சான். எம்பொண்ணு எனக்காக ஒரே எடத்துல நின்னுகினு இருப்பா" என்றாய்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் உன் கண்ணைப் பார்க்கச் சகிக்காது. மரக்காணத்து உப்பளக் காற்றும் சாயங்காலப் பூச்சிகளும் அதில் குடித்தனம் நடத்தின. கூலிங் கிளாஸ் மாட்டினால் ஓரத்தில் காற்று புகுந்து இன்னும் எரிகிறது என்றாய். ஒருமுறை வண்டு ஒன்று விழுந்து வெள்ளை விழியையே கீறிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். தங்கச்சி ஒரே முடிவாக எழுதிவிட்டாள்: இன்னொரு தடவை கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்தால் வண்டியை விற்றுவிட வேண்டியது, மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்தால் போதும். அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டியபோதுதான் உன் முகம் தொங்கி நான் பார்த்தேன்.

ஹேண்டில்பாருக்கு முன்னால் காற்றைத் தடுக்க விண்ட்ஷீல்டு கண்ணாடி போடுவோம் என்றேன். நீ பிடிவாதமாக மறுத்தாய். "அது கண்ணாடி இல்ல மச்சான், கட்டுமரத்துப் பாயி. எதிர்க்காத்துக்கு நல்லாத்தான் இருக்கும். பாலாத்துப் பாலத்துல பக்கத்துக் காத்து அடிச்சா வண்டியோட சேத்துத் தள்ளிடும்."

மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் காற்றைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியுமா? இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் சதுரங்கப்பட்டினம் கரைக்குப் போய் உன் சித்தப்பாவிடம் வழக்கை வைத்தோம். அவர் கட்டுமரத்தில் பாய் விரித்தவர், மோட்டார் சைக்கிளில் பின்னால்கூட உட்கார்ந்ததில்லை. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "இதுல இன்னா பேஜாரு? பாய கட்டுறவன் எறக்கவும் தெரிஞ்சிதானே கட்டுறான்? கையால அவுக்குற மாரி போடு. காத்து மாறுனா அவுத்து முதுவுல கட்டிக்கோ" என்றார். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது.

அந்த வெட்கத்தில்தான் நான் ஆட ஆரம்பித்தேன். ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே முறுக்கிக் கழற்றும் நட்டுகள், அதிர்வுக்கு ரப்பர் வாஷர், மூன்று கோணத்தில் வரைபடம். பார்வை கண்ணாடிக்குள் போகக் கூடாது, அதன் விளிம்புக்கு மேலாகப் போக வேண்டும். விளிம்பு கண்ணுக்கு நாலு விரல் கீழே. இதுதான் கணக்கு. குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, உன்னை ஏற்றி உட்காரவைத்து, நூல் பிடித்து அளந்தேன். ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்காருபவனைப் போல விறைத்து உட்கார்ந்திருந்தாய். செங்கல்பட்டில் அக்ரிலிக் தகடு வாங்கி, அறுத்து, வளைத்து மாட்டினோம். முதல் வாரம் போய் வந்ததும் எப்படி என்று கேட்டேன். "பேஷா கீது மச்சான். மூஞ்சில ஒரு பூச்சி படல" என்றாய். இரண்டாம் வாரமும் அதையே சொன்னாய். மூன்றாம், நான்காம் வாரமும் அதேதான். நான் பிரிவில் எல்லோரிடமும் வரைபடத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் நடுவில், ஒரு வேலையாகச் செங்கல்பட்டு போக உன் வண்டியை இரவல் வாங்கினேன். நமக்கு ஒரே உயரம். உன் நிச்சயதார்த்தத்துக்கு நீ போட்டது என் பேன்ட்டைத்தான். திருக்கழுக்குன்றம் வரை ஒரு தொந்தரவும் தெரியவில்லை. அதற்கப்புறம் முதுகு தளர்ந்தது, சீட்டு அமுங்கியது. விளிம்பு சரியாக என் கண்ணுக்குக் குறுக்கே வந்து நின்றது. எதிரே வந்த பஸ் மேல் பாதி ஓரிடத்திலும் கீழ்ப் பாதி வேறிடத்திலுமாகத் தெரிந்தது. எந்தப் பாதியை நம்பி ஒதுங்குவது என்று புரியாமல் மண்ணில் இறங்கி நின்றுவிட்டேன். நிற்கும் வண்டியில், நிமிர்ந்து உட்கார்ந்தவனை நான் அளந்திருக்கிறேன். ஓடுகிற வண்டியில், களைத்துப் போய் உட்கார்ந்திருப்பவனை அளக்கவில்லை. மேஜையில் வரைகிறவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

சைடு பெட்டியைத் திறந்தால் நாலாக மடித்த பழைய போர்வை ஒன்று இருந்தது. அதை சீட்டில் போட்டு ஏறி உட்கார்ந்தேன். விளிம்புக்கு மேல் சாலை முழுசாகத் தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. வளைவில் திரும்பும்போது அந்தப் போர்வை நழுவியது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டா நான்கு வாரம் சீர்காழி போய் வந்தாய்?

நேரே பட்டறைக்கு வந்து போர்வையை உன் மேல் எறிந்தேன்.

"ஏன்டா சொல்லலை?"

"நீ தூக்கம் முழிச்சி வரஞ்ச மச்சான். நாலு பேருகிட்ட காட்டிகினு சுத்துற. எப்டி சொல்றது?"

"நீ விழுந்திருந்தா உன் பொண்ணுகிட்ட நான் எப்படிடா சொல்லியிருப்பேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறையில் அத்தனை பேர் முன்னால் அழுதேன், இப்போது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கண்ணாடியை இறக்கச் சொல்ல வாய் வராமல் உன்னையே ஏற்றிக்கொண்டாய். அடுத்தவன் மனசு நோகக் கூடாது என்று உயிரைப் பணயம் வைக்கிறவனை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் உன்னைக் கும்பிடத் தோன்றியது, செவிட்டில் ஒன்று விடவும் தோன்றியது.

அந்த ஒரு வாரம் மட்டும் நீ சீர்காழி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் பின்னால் நான் ஏறிக்கொண்டேன். மாமல்லபுரம் போய்த் திரும்பி, பாலாற்றுப் பாலம் தாண்டி, செய்யூர் வரை ஓட்டச் சொன்னேன். நீ நன்றாகக் களைத்துக் கூனிய பிறகு, ஓட்டத்திலேயே உன் தோளுக்கு மேல் கையை நீட்டிக் கண்ணாடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். "சரியா?" என்று கத்தினேன். "சரிதான்" என்றாய். "பொய் சொன்னா இங்கயே குதிச்சிடுவேன்" என்றேன். கொஞ்ச தூரம் ஓட்டினாய். பிறகு காற்றோடு உன் குரல் வந்தது: "இன்னும் ரெண்டு வெரலு எறக்கு."

நீ என்னிடம் சொன்ன முதல் குறை அதுதான். மறுநாளே செங்கல்பட்டில் தகட்டை அறுத்தோம்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து எஸ்.டி.டி. போட்டாய். பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட ஓடிவந்தார். நான் பதறிப்போய் ரிசீவரை எடுத்தால், "இடது பக்கத்து நட்டு லொடலொடன்னுது. இன்னா வரஞ்சியோ, தண்ட வேல" என்று வைத்துவிட்டாய். அவ்வளவுதான் பேச்சு. அன்று முழுக்க நான் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம், தங்கச்சிக்கு மாற்றல் கிடைக்கும்வரை, நீ ஒரு வாரம்கூட விடவில்லை. பாலத்தில் காற்று மாறினால் இறங்கிக் கழற்றி முதுகில் கட்டிக்கொள்வாய். என்னைத் திட்டுவதையும் நீ விடவில்லை. நான் வைத்த ரசம், என் வீம்பு, அதிகாரி முன்னால் நான் இளித்த இளிப்பு, எதுவும் உன்னிடம் தப்பவில்லை. ஊரில் மற்ற எல்லோருக்கும் நீ பழைய ஆள்தான். யார் மனதையும் நோகவிட மாட்டாய். எனக்கு மட்டும் உண்மை கிடைத்தது. அதை நான் பட்டம் வாங்கியதுபோல் பெருமையாக வைத்திருந்தேன்.

வியாதி உன்னை எட்டு மாதத்தில் உருக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களிடமெல்லாம் "நல்லாத்தான் கீறேன்" என்றாய். உன் பெண்ணிடமும் அதையேதான் சொன்னாய். பிற்பகலில் அவள் சாப்பிடப் போன பிறகு என்னைப் பார்த்துச் சாடை காட்டினாய். கட்டிலின் தலைமாடு உயரமாக இருந்தது, உனக்கு மூச்சு முட்டியது. நான் கீழே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினேன்.

"இப்ப சரியா?"

"வலிக்குது. இன்னும் எறக்கு."

சுற்றினேன்.

"இப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தாய். "இப்ப சரி" என்றாய்.

மறுநாள் நீ இல்லை. கடைசியில் உனக்கு வலித்ததா என்று தங்கச்சி இன்றைக்கும் கேட்கிறாள். மற்றவர்களிடம் நீ சொன்ன எதையும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. என்னிடம் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: கொஞ்ச நேரம் வலித்தது, அப்புறம் சரியாக இருந்தது.