அந்தப் பதிவு அங்கேயே இருக்கும்

ஜனவரி 16, செவ்வாய்
பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து மன்றத்தைத் திறந்தால் ஒரே அமளி. பள்ளி வினாடி வினாப் போட்டிகளைப் பற்றிப் பேச நாங்கள் மூன்று பேர் சம்பளமில்லாமல் நடத்தும் இணைய மன்றம். வழக்கமாக, 'ஹங்கேரி வரலாற்றுக் கேள்வி அநியாயக் கடினம்' என்றுதான் சண்டை வரும். இன்று பெயர் சொல்லாத ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: ஒஹையோ மாநிலப் போட்டியில் வென்ற அணிக்குக் கேள்விகள் முன்பே போய்விட்டன. கேள்வி வாசிப்பவரிடம் இருந்த விடைக்குறிப்பில் ஒரு தனிமத்தின் பெயர் தவறாக அச்சாகியிருந்ததாம். கேள்வியின் முதல் வரி முடிவதற்குள் பஸ்ஸரை அழுத்தி, அதே தவறான பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்!

ஜனவரி 18
போட்டி நடத்தும் நிறுவனத்தின் தலைவர் ஹாஸ்கின்ஸ் போன் செய்தார். குரலில் தேன்.
"கோரின், நீங்க விவரம் தெரிஞ்சவங்க. அந்தப் பதிவை எடுத்துடுங்க. எழுதின பொண்ணு யாருன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்."
மத்ததை! பள்ளிக்கூடத்துப் பொண்ணை என்ன பண்ணப் போறாராம்? முடியாது என்றேன்.
"அப்போ இனிமே எங்க போட்டியில நீங்க கேள்வி வாசிக்க முடியாது. வக்கீலும் பேசுவார்."
எத்தனை வருஷச் சனிக்கிழமைகளை இவங்களுக்குக் கொடுத்திருக்கேன்! பேசட்டும்.

ஜனவரி 21
நிர்வாகிகள் மூவரும் பேசினோம். டெஸ்மண்ட் டொலிடோவில் தபால்காரன். "வழக்குப் போட்டா என்ன பண்றது? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றான். நியாயமான பயம். எனக்கும் உண்டு.
பள்ளி ஆசிரியை இங்க்ரிட் மட்டும், "வீட்டைப் பிடுங்குவாங்களா? என்னோடது வாடகை வீடு. வந்து ஒழுகற கூரையையும் சேர்த்து எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.
டெஸ்மண்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மன்றத்துல அறிவிப்புப் போடறப்போ என் பேரையும் போடு. பெருசாப் போடு."
போட்டோம். பதிவு இருக்கும், எழுதியவர் யாரென்று சொல்ல மாட்டோம் — அவ்வளவுதான் அறிவிப்பு.

ஜனவரி 22
மூவரும் அவர்கள் போட்டிகள் பக்கமே வரக்கூடாதென்று தடை. போகட்டும்.

ஜனவரி 27
அந்தப் பெண் தனியாக எழுதினாள். "என்னாலதான உங்களுக்கு இவ்வளவு தொல்லை? நானே எடுத்துடட்டுமா?"
"உனக்கு வேண்டாம்னு தோணினா எடு. எங்களுக்காக எடுக்காதே" என்று பதில் போட்டேன்.
அவள் எடுக்கவில்லை.

ஜனவரி 30
ஹாஸ்கின்ஸின் அடுத்த போட்டி நடக்கும் நாளிலேயே, இங்க்ரிட்டின் பள்ளியில் நாங்களும் ஒரு போட்டி நடத்தப் போகிறோம். கேள்விகளை நாங்களே எழுதுகிறோம். திமிரா? ஆமாம், திமிர்தான்.

பிப்ரவரி 10, சனி
நாலு அணி வந்தாலே பெரிது என்றிருந்தேன். காலையில் பள்ளி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. அறைகள் இருக்கின்றன, வாசிக்கத்தான் ஆளில்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, ஹாஸ்கின்ஸின் தலைமை வாசிப்பாளர் ரோலண்ட் படியேறி வருகிறார், கக்கத்தில் பஸ்ஸர் பெட்டி.
"என்ன, வேவு பாக்க அனுப்பினாங்களா?" என்றாள் இங்க்ரிட்.
"அங்கேர்ந்து விலகிட்டேன்மா. எனக்கு எந்த ரூம்?"
உணவுக்கூடத்தைக் கொடுத்தோம். முதல் கேள்வியை அவர் வாசிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.