பன்னிரண்டு நிமிஷம் நாற்பது வினாடி

மார்ச் 3, செவ்வாய்

அறுபத்து மூன்று கேசட்டும் உள்ளங்கை அளவு டிஸ்க் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. மாற்றிக் கொடுத்த கடைக்காரர், "பழசையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்மா" என்றார். தூக்கிப் போடறதா? இருபது வருஷம் என் வீட்டுக்காரர் தோளில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள் பின்னாடியே அலைந்தது அத்தனையும் அதில்தான் இருக்கு. ஒன்று விடாமல் எண்ணித் திருப்பி வாங்கிட்டு வந்தேன்.

டிஸ்க்கைத் திறந்தால் 1, 2, 3 என்று வெறும் எண்கள். பெயர் இல்லை, தேதி இல்லை. பத்தொன்பது வருஷமாக ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள் நான். லேபிள் ஒட்டாத குழாயைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, டிவியிலும் போனிலும் பார்க்கிற மாதிரி ஏதாவது சாஃப்ட்வேர் வேண்டும். வேற ஊரில் இருக்கிற பெரியவளுக்கும் தெரியணும். சின்னவனுக்கும்—

ஆமாம், சின்னவனுக்கும்தான். யாருக்காக இந்தப் பாடு?

மார்ச் 4, புதன்

"என்னங்க, டிஸ்க் வந்தாச்சு" என்றேன். இவர் கையில் இருந்த மூக்குக்கண்ணாடி பிரேமிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தக் குப்பையை என் கண்ணுல காட்டாதே."

பத்து மாசமாக இப்படித்தான். சின்னவன் இவருடைய கண்ணாடிக் கடையில் தொழில் கற்றவன். அதே தெருக்கோடியில் ஒரு பெரிய கம்பெனிக் கடை திறந்ததும் அங்கே போய் வேலைக்குச் சேர்ந்துட்டான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்புதான், இல்லைன்னு யார் சொன்னது? அதுக்காக வாசலில் வைத்து, "அந்தக் கடையில நிக்கிறவன் இந்த வீட்டு வாசல்ல நிக்க வேணாம்" என்று சொல்லலாமா பெத்த அப்பன்? அவனும் சளைத்தவனா! "பொறந்ததுலேர்ந்து நீங்க என்னைக் கேமரா வழியாத்தான் பாத்திருக்கீங்க. ஒரு தடவையாவது அதைக் கீழ வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினான். அப்புறம் கம்பெனி அவனை வேற ஊருக்கு மாத்திடுச்சு. என் போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் "நல்லா இருக்கேன்" என்று ரெண்டு வார்த்தை.

அன்றைக்கே இவர் கேமராவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

மார்ச் 7, சனி

பெரியவள் போன் பண்ணினாள். தம்பியைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புதாம். ஏப்ரல் பதினொண்ணு. மூணு வருஷம்.

இந்தக் கோபத்தோடு அவன் விமானம் ஏறிட்டால் அப்புறம் அது இறுகிப்போகும். இவரும் இறங்கி வர்ற ஜென்மம் இல்லை. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிடணும். என்னால் பேச வைக்க முடியாது, முயற்சி பண்ணி மூஞ்சி உடைந்ததுதான் மிச்சம். இந்த வீடியோவாவது பேசட்டும்.

முதல் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். எல்லாத்தையும் அவங்க கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஏத்தணுமாம். பிள்ளைகள் துணியில்லாமல் தொட்டித் தண்ணீரில் குதிக்கிறதை எவனோ ஒருத்தன் இடத்தில் கொண்டுபோய் வைக்கவா? வேண்டாம், போ.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது. இதற்கு எதைக் கொடுத்தாலும் சினிமாதான். தானே தேடிக்கண்டுபிடித்து போஸ்டர் ஒட்டிடுது. சின்னவனின் முதல் பிறந்தநாளுக்குப் பேய்ப்படம், ரத்தம் சொட்டுகிற கையோடு. பெரியவளின் பள்ளி நடனத்துக்குப் பீரங்கி. "அம்மா, நான் ஆடினது அப்படியா இருந்துச்சு?" என்றாள். போனில் ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பக்கத்து அறையில் இவர் இருமினார்.

அது கூடப் பரவாயில்லை. தேதி தெரியாத கேசட்டுக்கெல்லாம் டிஸ்க் பண்ணின தேதியைப் போட்டு வைக்குது. சின்னவன் போன மாசம்தான் பல் முளைத்த குழந்தையாம்! லேபில் எவளாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அழிச்சாச்சு.

மார்ச் 14, சனி

மூன்றாவதுதான். அலங்காரம் கிடையாது. நான் எழுதுகிற பெயரை அப்படியே காட்டும். முன் அறையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருந்தால் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். ஒவ்வொரு கேசட்டையும் முதல் ரெண்டு நிமிஷம் பார்த்துப் பெயர் வைத்தேன். கண் பூத்துப்போச்சு.

ஆளுக்கு ஒரு கணக்கு. அப்புறம், இதை நடத்துகிற எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தனியாக ஒரு பக்கம்: யார், எதை, எப்போது பார்த்தார்கள், எந்த நிமிஷத்தில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்த உடனே முடிவு பண்ணிட்டேன். லேசா இருக்கு, சுலபமா இருக்குன்னு பெரியவளிடம் காரணம் அடுக்கினேன். என் மனசுக்குத் தெரியும், எதுக்காக எடுத்தேன்னு.

எனக்கு, பெரியவளுக்கு, சின்னவனுக்கு என்று மூணு கணக்கு. லிங்க்கையும் கடவுச்சொற்களையும் லேபில் குழாய்க்கு ஒட்டுகிற ஸ்டிக்கரிலேயே எழுதிக் கம்ப்யூட்டர் பக்கவாட்டில் ஒட்டினேன். "உங்களுக்கு ஒண்ணு போடவா?" என்று இவரைக் கேட்டேன். "எனக்கு ஒரு எழவும் வேணாம்."

சின்னவனுக்கு லிங்க் அனுப்பியாச்சு. மெசேஜைப் பார்த்துவிட்டான் என்று காட்டுது. பதில் இல்லை.

மார்ச் 19, வியாழன்

சின்னவன் கணக்கு. பார்த்தவை: எதுவுமில்லை.

மார்ச் 23, திங்கள்

பாத்துட்டான்! மத்தியானம் 2:11-க்குத் திறந்திருக்கான். கேசட் 41. எங்கிருந்து என்ற இடத்தில் 'வெளியிலிருந்து' என்று மட்டும் போட்டிருக்கு. சாப்பாட்டு இடைவேளையாக இருக்கும். ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த பெரியவர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாம்னு தலையாட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துதான் ஊசியைக் கையில் எடுத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

தினமும் பார்க்கிறான். ரெண்டிலிருந்து மூணுக்குள். தினமும் 41 மட்டும். மீதி அறுபத்திரண்டு கேசட் கிடக்கு, எதையும் தொடவில்லை. தினமும் 12:40-ல் நிறுத்துகிறான். இன்றைக்கு ரெண்டு தடவை.

நான் எழுதின பெயர்: 'மைதானம், சைக்கிள், சின்னவனுக்கு ஏழு வயசு.' அப்படி என்ன இருக்கு அதில்?

லேபிலிருந்து வந்ததும் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் ஓட்டுகிறான். சிரிக்கிறான். பன்னிரண்டாவது நிமிஷத்தில் சக்கரம் சறுக்கி விழுகிறான். முட்டி கிழிந்து ரத்தம். "அப்பா! அப்பா!" என்று கையை நீட்டி அலறுகிறான். கேமரா அசையவில்லை. முகத்தைப் பெரிசாக்கிக் காட்டுது. பின்னாலிருந்து இவர் குரல்: "அழாதேடா, இங்க பாரு, அப்பாவைப் பாரு." 12:40.

அதுக்கு மேல் என்னால் முடியவில்லை, அணைத்துவிட்டேன்.

ஐயோ, அவன் சொன்னதுக்குச் சாட்சி மாதிரி ஆயிடுச்சே. கோபம் தணியணும்னு நான் வைத்தேன், அவன் தினமும் ஒரு தடவை கிளறிக்கிறான். நானே என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கேனே!

மார்ச் 28, சனி

பெரியவள் சொன்னாள், "அம்மா, கையை வச்சுக்கிட்டு சும்மா இரு. இப்ப அதைத் தூக்கினா, நீ பாத்துக்கிட்டே இருக்கறது அவனுக்குத் தெரிஞ்சுடும்."

கேட்டேனா? இன்றைக்கும் மத்தியானம் 12:40. சாயங்காலம் 41-ஐப் பட்டியலிலிருந்து மறைச்சுட்டேன். அழிக்கவில்லை, மறைச்சேன். அழிக்கிற பொத்தான் மேல் விரல் போனது உண்மை.

மார்ச் 30, திங்கள்

2:10-க்குத் திறந்தான். பட்டியலை மூணு தடவை புரட்டியிருக்கான். எதையும் பார்க்காமல் மூடிட்டான்.

மனசு கேட்கவில்லை. லேபிலிருந்து வந்து 41-ஐத் திரும்ப வைத்து, அவனுக்கு மெசேஜும் போட்டேன். "நாற்பத்தொண்ணு திரும்ப இருக்கு கண்ணா. ஆனா தினமும் அதையே பார்க்காதே. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை."

பத்து மாசத்தில் முதல் தடவையாக நீளமாகப் பதில் வந்தது. "என்ன நாற்பத்தொண்ணு? நீ அனுப்பின லிங்க்கை நான் திறக்கவே இல்லை. நான் என்ன பாக்கறேன்னு கணக்கெடுக்கறியாம்மா? அவர் கேமராவை வச்சுப் பண்ணாரு. நீ இதை வச்சுப் பண்றியா?"

போச்சு. இருந்த ஒரு நூலையும் நானே அறுத்துட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

அவன் இல்லைன்னா யார்? எவனோ நுழைஞ்சிருக்கான். என் பிள்ளை விழுந்து அழறதை எவனோ தினமும் உட்கார்ந்து ரசிக்கிறான். நினைச்சாலே உடம்பு கூசுது. லேபுக்குக் கிளம்புமுன் சின்னவன் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன்.

ஏப்ரல் 1, புதன்

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இவர் நெளிந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பொட்டி ரிப்பேரா?"

"எந்தப் பொட்டி?"

"அதான்... கம்ப்யூட்டரு." தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார், மறுபடி எடுத்தார். "பக்கத்துல ஒட்டியிருக்கியே, அந்த நம்பர் ரெண்டு நாளா ஏத்துக்க மாட்டேங்குது. திங்கக்கிழமை கேசட்டையே காணோம்."

குழாயில் எழுதியிருந்த பெயரை மட்டும் பார்த்திருக்கேன். உள்ளே இருக்கிற ரத்தம் யாருடையதுன்னு கேட்கவே இல்லை. மத்தவங்களுக்கு இதையே தினமும் பாடம் எடுக்கிறவள் நான்!

"அவன் கணக்குல நீங்க ஏன் நுழைஞ்சீங்க?"

"மத்த ரெண்டும் உங்களோடது. அவனோடது சும்மாத்தானே கிடந்துச்சு."

மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனில் பார்ப்பாராம். ஏன் அதே இடத்தில் நிறுத்துறீங்கன்னு கேட்டேன். டம்ளரைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அப்புறம், "புள்ள விழுந்து கூப்பிடறான். நான் பெரிசாக்கி எடுத்துக்கிட்டு நிக்கிறேன். அதுக்கு மேல பாக்க எனக்குத் தெம்பில்ல. அவன் கேட்டது சரிதானே?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "இதை அவன்கிட்ட சொல்ல உங்களுக்கு என்ன கேடு? இன்னும் பத்து நாள்ல கிளம்பறான்!"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

தட்டு அப்படியே இருக்க எழுந்து போனார். முப்பத்தோரு வருஷத்தில் இவர் அழுது இன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னக் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினார். பாவமாயிருந்தது. கோபமும் தீரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

சின்னவனுக்கு எழுதினேன். "மன்னிச்சுடு கண்ணா. உன் பேர்ல பார்த்தது அப்பா. நாற்பத்தொண்ணாம் கேசட்டை ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் 12:40-ல நிறுத்தியிருக்கார். நீ விழுந்து அவரைக் கூப்பிடற இடம் வரைக்கும். அதுக்கு மேல பார்க்க அவருக்குத் தெம்பில்லையாம். நீ கேட்டது சரின்னு சொல்றார். உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரல. கடவுச்சொல் புதுசு, கீழே இருக்கு. யார் என்ன பார்க்கிறாங்கன்னு காட்டற பக்கத்தை மூடிட்டேன். இனிமே பார்க்க மாட்டேன்."

நிஜமாகவே மூடினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதில் இல்லை. இவருக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 8, புதன்

பெட்டி கட்டியாச்சாம், பெரியவள் சொன்னாள். விமான நிலையத்துக்கு நான் மட்டும் வந்தால் போதும்னு சொல்லிட்டானாம். இன்னும் மூணே நாள். அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன? கை பரபரக்குது. பார்க்க மாட்டேன்னு சொல்லியாச்சு. பார்க்க மாட்டேன். நாளெல்லாம் என்மேலேயே எரிச்சல், லேபில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பகல் ஒன்றரைக்குச் சின்னவனிடமிருந்து மெசேஜ். ஒரே வரி. "அவரை 12:40-க்கு மேல பாக்கச் சொல்லு."

லேபில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்கு ஓடினேன். ஷட்டர் பாதியில். குனிந்து உள்ளே போனேன். பதறி எழுந்துவிட்டார். போனை அவர் கையில் வைத்தேன். "வேணாம்" என்றார். "வாயை மூடிக்கிட்டுப் பாருங்க" என்றேன்.

12:40. பிள்ளை அலறுகிறான். 12:45. கேமரா அப்படியே. இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. 12:52-ல் படம் தடதடவென்று ஆடிச் சாய்ந்தது. அப்புறம் புல். படம் முழுக்கப் படுக்கைவாட்டில் புல், ஓரத்தில் சைக்கிள் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. அதைத் தாண்டி ரெண்டு கால் ஓடுது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். "எங்கடா? காட்டு. ஒண்ணுமில்லடா ராஜா, அப்பா ஊதறேன். நீயும் ஊது." நாலு நிமிஷம் அதே புல்தான். கடைசியில் அவன் சிரிக்கிறான், கூடவே இவரும்.

நாங்க ரெண்டு பேருமே அதைப் பார்த்ததில்லை. பெயர் வைக்கும்போது நான் ரெண்டு நிமிஷத்தோடு நிறுத்தினவள், அப்புறம் இவரை மாதிரியே பன்னிரண்டோடு. எடுத்தவருக்கே ஞாபகம் இல்லை.

"கீழ வச்சிருக்கேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "பன்னெண்டு செகண்டு கழிச்சு வச்சிருக்கேன்." அந்தப் பன்னெண்டை அவர் விடவில்லை. நானும் இல்லைன்னு சொல்லவில்லை.

மூக்கைச் சிந்திக்கொண்டு, தன் போனைத் தேடினார். சின்னவன் எண்ணை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. மணி அடிக்க ஆரம்பித்ததும் நான் ஷட்டருக்கு வெளியே வந்து நின்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு ரெண்டு பேருமாகக் கிளம்பறோம். அவனே வண்டி சொல்லியிருக்கான்.

காலையிலிருந்து இவர் போனில்தான். மன்னிப்பு, பாசம், அது இதுன்னு ஒரு பேச்சும் கிடையாது. அந்தப் பெரிய கடையில் லென்ஸை எந்த மெஷினில் வெட்டுறாங்க என்பதுதான் அரை மணியாக ஓடுது. நடுவில் இவர் குரல் திடீரென்று உயர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கரண்டியோடு ஓடி வந்து பார்த்தேன். "அப்படி வெட்டினா விளிம்பு சில்லு சில்லா உடையும்டா, உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்று கத்துகிறார். அந்தப் பக்கம் அவனும் விடாமல் பதிலுக்குக் கத்துகிறான். சாப்பிட ரெண்டு தடவை கூப்பிட்டேன், கையைக் காட்டி என்னை இருக்கச் சொல்கிறார்.