எதிரே என்ன இருக்கிறது?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கண் உறுத்தல் குறைந்ததா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். நான் சௌக்கியம்.

ஆபரேஷன் முடிந்து கண்கட்டுப் பிரித்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது பூவாக இருக்கட்டும் என்றுதான் தேதி பார்த்து அனுப்பினேன். "ரொம்ப அழகா இருந்துச்சுடி" என்றீர்கள். பூ வந்தவுடன் எடுத்த படத்தைத் தம்பி இன்றுதான் அனுப்பினான். நாலு ரோஜா, நாலும் வாடல். எனக்காகப் பொய் சொல்ல வேண்டுமா?

'உங்கள் ஊர்ப் பூக்கடை' என்று இணையத்தில் போட்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன்.

"கடை எங்க இருக்கு?"

"உங்க அம்மா வீட்டுக்குப் பக்கத்துலதான், மேடம்."

"எதிர்ல என்ன இருக்கு?"

"எதிர்ல... ரோடு இருக்கு, மேடம்."

கடையே கிடையாது. ஆர்டரை வாங்கி, கிடைத்த கடையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். எதையும் சந்தேகப்படும் நான், இணையத்தில் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து ஏமாந்தேன்.

பிறகு தம்பியிடம் எண் வாங்கி, உங்கள் கண் மருத்துவமனை வாசலில் பூக்கடை வைத்திருக்கும் பெண்மணியிடமே பேசினேன். "ரோஜா நேத்து வந்தது, வேணாம்மா" என்றார். விற்கிறவரே வேண்டாம் என்றதும் நம்பிக்கை வந்தது. அடுத்து, "அம்மாவுக்கு என்ன பூ பிடிக்கும்?" என்று கேட்டார். நாற்பத்தொன்பது வயதில் எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

என்ன பூ என்று எழுதுங்கள். தம்பியை எழுதச் சொல்ல வேண்டாம். கண் தெளிந்தபின் உங்கள் கையால் எழுதினால் போதும். இரண்டு பக்கம் வந்தாலும் சரி.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்